விமானத்துக்காகக் கூடிய பஞ்சாயத்து

எங்கள் ஊரில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியவர் கிடையாது. ஆனாலும் ஒரு விமானத்துக்காக என் தம்பிக்கு முன்பல் ஒன்று போனது, என் வீட்டுக்காரருக்குப் புருவத்தில் ஐந்து தையல் விழுந்தது, எனக்கு இடது காது பாதி அடைத்தே போனது. இதைக் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கும் கொஞ்ச நாள் கழித்துச் சிரிப்பு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

நான் பிறந்தது ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கம் பக்கம். வாழ்க்கைப்பட்டது பழவேற்காட்டுப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற ஒரு மணல் துண்டில். வீட்டுக்காரருக்கு ஃபைபர் படகு உண்டு, கடலுக்குப் போவார். நான் ஏரியில் இறங்கி இறால் தடவுகிறவள். இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் துழாவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஒரு அலுமினியக் குண்டான், அதன் கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை இடுப்பில் முடிந்திருப்போம். நாங்கள் போகிற பக்கமெல்லாம் அது மிதந்துகொண்டே பின்னால் வரும். பன்னிரண்டாவது வரை படித்தவள் இந்த வேலைக்கு வந்தாளே என்று என் ஊரில் பேச்சு உண்டு. படித்தவளின் வயிறு பசிக்காதா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

அடிதடி எனக்குப் புதிது இல்லை. அப்பா, எங்களுக்கு நைனா, தம்பியை வலைக்கயிற்றால் அடித்து வளர்த்தார், என்னைக் கையால் அடித்து வளர்த்தார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அடித்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அணைத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி வந்த இடமும் அப்படித்தான். முகத்துவாரத்தில் வலை போடுகிற இடத்துக்காகப் பக்கத்து ஊரோடு துடுப்பும் கழியுமாக மோதிக்கொண்டதில் என் மாமனாருக்குத் தோள் இறங்கி, கடைசிவரை அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்காமலேயே செத்துப்போனார். வாய் தோற்றால் கை பேசும், இதுதான் எங்கள் பக்கத்து வழக்கு. என் வீட்டுக்காரர் மட்டும் அதுவரை என்மேல் கை வைத்ததில்லை. பதினான்கு வருஷம். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, கிணற்றடியில் மற்றவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிற்கும்போது நான் நிமிர்ந்து நிற்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மீஞ்சூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூட்டைகளை ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குக் கொண்டுபோகிற ரப்பர் பெல்ட்டின் பக்கத்தில் நின்று, அது மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பது அவன் வேலை. சாயங்காலத்தில் ஜிம்முக்குப் போவான். புஜத்தைக் காட்டுவதற்காகவே கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு வருவான். நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு பேரும் வாசல் பந்தலின் கீழ் உட்கார்ந்து, ஓட்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமன் மச்சான் என்றால் அவ்வளவு பிரியம். எல்லாம் தம்பி கையைக் கழுவிவிட்டு செல்போனை எடுக்கும்வரை.

அதில் ஒரு பொம்மைப்படம். ஜிம்மில் ஓடுவதற்கு ஒரு மெஷின் இருக்குமே, டிரெட்மில், நாம் முன்னால் ஓட ஓட அடியில் பெல்ட் பின்னால் ஓடும், நாம் நின்ற இடத்திலேயே இருப்போம். அந்த மாதிரி ஒரு பெல்ட், ஆனால் விமான நிலையத்து ரோடு நீளத்துக்கு. அதன்மேல் ஒரு விமானம். விமானம் எவ்வளவு வேகத்தில் முன்னால் போகிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னால் ஓடும். விமானம் மேலே எழும்புமா, எழும்பாதா? இதுதான் கேள்வி. அவன் தொழிற்சாலையில் இதற்காக ஒரு வாரமாகச் சண்டையாம்.

"எழும்பாது" என்றார் வீட்டுக்காரர். யோசிக்கவே இல்லை.

"எழும்பும் மாமா" என்றான் தம்பி.

"எப்டிடா எழும்பும்? பூநாரையப் பாத்துக்கிறியா நீ? அவ்ளோ லேசான பட்சி, அதுவே தண்ணி மேல பத்து அடி ஓடித்தான் எழும்புது. ஓடாம ஒண்ணு எழும்புமா?"

"ராக்கெட்டு எங்க மாமா ஓடுது? நம்ம எதிர்க்கதான வுடறான், குந்துன எடத்துலேர்ந்து மேல போவலியா?"

ஏரிக்கு அக்கரையிலிருந்து ராக்கெட் விடுகிற நாளில் எங்களைக் கடலுக்குப் போக விடமாட்டார்கள். அதனால் ராக்கெட் என்ற பேச்சை எடுத்தாலே வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு தன் வழக்கைச் சொன்னார்.

"இப்ப வத்தத்துல நீ மொகத்துவாரத்துல உள்ள வர்றேன்னு வச்சிக்கோ. ஏரித்தண்ணி கடலுக்கு எறங்குது. அது எவ்ளோ வேகமா எறங்குதோ, அவ்ளோ வேகமா நீ எஞ்சின் வுடறே. படகு இன்னா ஆவும்? நிக்கும். எஞ்சின் கத்தும், பொகை வரும், கரையில கீற கம்பத்தப் பாத்தா ஒரு அடி நவுந்திருக்க மாட்ட. உன் பெல்ட்டு அந்தத் தண்ணி. உன் பிளேன் அந்தப் படகு. அவ்ளோதான்டா விஷயம்."

இது அவர் வாயில் வந்த வெறும் பேச்சு இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அப்படியே நடந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அலை உடைகிறது, முன்னால் ஏரி தண்ணீரைக் கக்குகிறது, எஞ்சினை முறுக்கி முறுக்கிப் படகு ஒரு மணி நேரம் முகத்துவாரத்தில் நின்ற இடத்தில் நின்றது. பெட்ரோல் தீர்ந்திருந்தால் அலை திருப்பிப் போட்டிருக்கும். கரையில் நின்று நான் பார்த்தேன். அன்றைக்கு அவர் உடம்பு படித்த பாடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் தப்பென்று அவரை லேசில் சொல்லவும் முடியாது.

தம்பிக்குப் பறக்கும் என்று தெரியுமே தவிர, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. போனில் போட்டிருக்கிறது, எஞ்சினியர் சார் சொன்னார் என்று மழுப்பினான். பதில் இல்லாதவன் செய்கிறதைச் செய்தான், ஏசினான்.

"நீ எட்டாவது பெயிலு மாமா. சேத்துல பொறந்து சேத்துல கெடக்கற ஆளுக்கு பிளேனப் பத்தி இன்னா தெரியும்?"

"நீ இன்னா கலெக்டரா? நாள் பூரா பெல்ட்டாண்ட நின்னு அது குண்டி தொடைக்கறவன்தான?"

டம்ளர் பறந்தது முதலில். யார் எறிந்தது என்று கேட்டால் இன்றுவரை இரண்டு பேரும் மற்றவரைச் சொல்கிறார்கள். பிறகு தம்பி அவர் கழுத்தைப் பிடித்துப் பந்தல் காலோடு சேர்த்து அமுக்கினான், ஜிம்மில் வளர்த்ததெல்லாம் அதற்குத்தான் போலிருக்கிறது. அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கை துழாவி, பந்தலில் செருகியிருந்த கழியை உருவிவிட்டது, படகு தள்ளுகிற மூங்கில் கழி. அதன் அடிமுனை தம்பியின் வாயில் இறங்கியது. பல் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, நண்டு ஓட்டுக்கு நடுவே அது வெள்ளையாகக் கிடந்ததைத்தான் பார்த்தேன். அக்கா என்று கூப்பிட்டான், வாயெல்லாம் ரத்தம், வார்த்தை பாதிதான் வந்தது.

தெருவே ஓடிவந்தது. நாலு பேர் தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள், நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்கள் எல்லாம் அவருடைய பங்காளிகள், ஆகவே தம்பிக்கு நடுவில் இரண்டு குத்து கூடுதலாகவே விழுந்தது. இரண்டு பேரையும் வாசலின் இரண்டு கோடியில் உட்கார வைத்தார்கள். அப்போதும் வாய் ஓயவில்லை. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே இவன் "பறக்கும்" என்கிறான், மூச்சு வாங்கிக்கொண்டே அவர் "பறக்காது" என்கிறார். நடுவில் வந்தவர்களும் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு இரண்டு கட்சியாகப் பிரியத் தொடங்கினார்கள்.

நான் அப்போது செய்ததுதான் முட்டாள்தனம். விடை தெரிந்தால் சண்டை நின்றுவிடும் என்று நினைத்தேன். சண்டை விடைக்காக என்றே நம்பினேன். உள்ளே போய்க் குண்டானை எடுத்துக்கொண்டு வந்தேன், கயிறோடு.

"தபாரு, ரெண்டு பேரும் கேளுங்க. நான் இத இடுப்புல கட்டிகினு வத்தத்த எதிர்த்துப் போறேன். தண்ணி குண்டானுக்கு அடியில பின்னால ஓடுது. குண்டான் பின்னால போவுதா? எங்கூடதான வருது? ஏன் வருது? அத இஸ்கறது தண்ணி இல்ல, நானு. என் காலு சேத்துல கீது. தண்ணிதான் ஓடுது, சேறு ஓடல."

 அவர் என்னையே பார்த்தார். நான் விடாமல் சொன்னேன்.

"படகு எஞ்சினு தண்ணியத் தள்ளித்தான் போவுது. ஓடற தண்ணியத் தள்ளினா நிக்கத்தான் செய்யும், நீ சொல்றது படகுக்கு மெய்தான். பிளேனு எஞ்சினு ரோட்டத் தள்ளல, சக்கரத்தச் சுத்தல. அது காத்தத் தள்ளுது. பெல்ட்டு ஓடுது, காத்து ஓடலியே. சக்கரம் ரெண்டு மடங்கு வேகமா சுத்திகினு கெடக்கும், பிளேனு பாட்டுக்கு முன்னால போயி எழும்பிடும். பெல்ட்டு இங்க தண்ணி மாரி. பிளேனு குண்டான் மாரி."

பங்காளிகளில் ஒருவர், என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை, "அட, ஆமாங்கறேன்" என்று சத்தமாகச் சிரித்தார். "ஏண்டா, கடலுக்குப் போற உனக்குத் தெரில, இறா தடவறவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு." எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் ரத்த வாயோடு சிரித்தான். எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன். ஒரு நொடி நான் ஊருக்கே வாத்தியார் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

அவர் எழுந்து வந்தார். மெதுவாகத்தான் வந்தார். கை வந்ததை நான் பார்க்கவில்லை. இடது காதோடு சேர்த்து விழுந்த அறையில் தலைக்குள் யாரோ தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருடைய வாயும் அசைந்தது. பதினான்கு வருஷக் கர்வம் அந்தச் சத்தத்தோடு போயிற்று. என் கையில் குண்டான் இருந்தது. நான் யோசித்து அடித்தேன், கோபத்தில் தெரியாமல் அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். குண்டானின் விளிம்பு அவர் நெற்றியில்தான் படவேண்டும் என்று பார்த்து, இரண்டு கையாலும் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோதுதான் பிடித்துக்கொண்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். வேறு வண்டி இல்லை. தம்பி முன்னால், நானும் அவரும் பின்னால், ஒரே துண்டில் அவர் ரத்தமும் தம்பி ரத்தமும். எல்லாரும் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்ட டாக்டரிடம் படகு கவிழ்ந்தது என்றார் அவர். என் காதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வெளியே ஒன்றும் தெரியவில்லையே. நாலு வாரம் கழித்துச் சீழ் வந்த பிறகுதான் சவ்வு கிழிந்திருக்கிறது என்று தெரிந்தது. அவருடைய புருவத்தை மட்டும் அன்றைக்கே ஊர் முழுவதும் பார்த்துவிட்டது.

அந்த வாரம் ஊர் இரண்டாகியது. டீக்கடையில் பறக்கும் கட்சிக்காரர் ஒருவரைப் பறக்காது கட்சிக்காரர் கொதிக்கிற டீயால் அபிஷேகம் செய்தார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் கரையில் துடுப்பால் அடித்துக்கொண்டு, அண்ணன் விரலொன்று முறிந்தது. காயப்போட்டிருந்த வலையை யாரோ குறுக்கே அறுத்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் பழைய கணக்கு எவ்வளவோ இருந்திருக்கும், எல்லாம் விமானத்தின் பேரில் தீர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தால் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புருஷனைக் கை நீட்டியவள். அதுவும் குண்டானால்.

பஞ்சாயத்து கூடியது. இங்கே பாடு என்கிற முறையைச் சொல்லியாக வேண்டும். முகத்துவாரத்துக் கால்வாயில், வற்று நீரோடு கடலுக்கு இறங்குகிற இறாலை வலை கட்டிப் பிடிப்பதற்கு எல்லாரும் ஒரே நேரத்தில் போய் விழ முடியாது. இந்தந்த நாள் இந்தந்த ஊர், அந்த ஊருக்குள் இந்தந்த இடம் இந்தந்த வீடு என்று சீட்டுப் போட்டு எடுத்த முறைதான் பாடு. மழைக்குப் பின் வருகிற பருவத்தில் நல்ல இடத்துப் பாடு விழுந்தால் ஒரு வீடு வருஷம் முழுவதும் நிமிர்ந்து உட்காரலாம். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் கால்வாயின் நடு இடம் விழுந்திருந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு விழுந்த இடம். ஊர்க்கட்டு மீறியவர்கள் வீட்டுக்கு அந்தப் பாட்டை நிறுத்தி வைப்பது பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது. ஜெயிலைவிட எங்களுக்கு அதுதான் பயம்.

தீர்ப்பு சுருக்கமாகவே இருந்தது. தம்பி அடுத்த பொங்கல்வரை ஊருக்குள் வரக்கூடாது. நான் சபை நடுவில் என் வீட்டுக்காரர் காலில் விழுந்து எழ வேண்டும். விழாவிட்டால் எங்கள் பாடு அடுத்த வீட்டுக்குப் போகும்.

விழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை ஒளிக்க மாட்டேன். இரண்டு பிள்ளைகள், ஒழுகுகிற கூரை, ஒன்பது வருஷம் காத்திருந்த இடம். காலில் விழுவது என்ன, மண்டியிட்டு எழுந்தால் முடிந்தது. நைனா காலில் விழாததா, கோயிலில் விழாததா. மாமியார் முந்தின நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வுழுந்துடும்மா, அவன் பதிலுக்கு உன்ன தூக்கி வுட்டுருவான், எங்க காலத்துலயும் அப்டிதான்" என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். "நான் சொன்னது சரியா தப்பான்னு ஊரு முதல்ல பாக்கட்டும். தப்பா சொல்லி அடிபட்டேன்னா அப்டியே வுழறேன்." பஞ்சாயத்துத் தலைவர் பொறுமைசாலி. அவருக்கும் விமானம் தீராமல் ஊர் அடங்காது என்று தெரிந்திருந்தது. "சரி, வத்தத்துக்குப் போவோம்" என்றார்.

மறுநாள் காலை வற்று நேரத்தில் முகத்துவாரத்துக் கரையில் ஊரே நின்றது. முதலில் என் வீட்டுக்காரர் படகை எடுத்தார். புருவத்தில் கட்டு, கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. தண்ணீரை எதிர்த்து எஞ்சினை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். படகு நின்றது. கரையில் நட்ட குச்சிக்கு நேராக, எஞ்சின் கத்திக்கொண்டிருக்க, ஆணி அடித்த மாதிரி நின்றது. பறக்காது கட்சிக்காரர்கள் விசில் அடித்தார்கள். அவ்வளவு சரியாக நிறுத்த வேறு யாராலும் முடியாது, அதை நானே சொல்வேன்.

பிறகு எஞ்சினை அணைக்கச் சொன்னேன். படகின் மூக்கில் கயிற்றைக் கட்டி மறுமுனையை மணல் திட்டில் நின்ற நாலு பேரிடம் கொடுத்தேன். "இஸ்துகினு நடங்க." அதே தண்ணீர், அதே வேகம். நாலு பேரும் பேசிக்கொண்டே மணலில் நடந்தார்கள். படகு தண்ணீரை எதிர்த்து மேலே ஏறியது, அவர் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார் தலைவர்.

"அப்போ ஏன் படகு போச்சு?"

"இஸ்கறவன் மணல்ல நிக்கறான், தண்ணில இல்ல." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டினார். "பிளேனுக்கு காத்துதான் மணலு. சரிதாம்மா."

பறக்கும் கட்சிக்காரர்கள் கத்திய கத்தலில் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின. பறக்காது கட்சியில் இரண்டு பேர் கையை ஓங்கினார்கள், தலைவர் ஒரு அதட்டு அதட்டினார். எல்லாரையும் மணலில் உட்கார வைத்தார். என்னையும் அவரையும் நடுவில் நிற்க வைத்தார்.

"ஊரு ஒத்துக்கிச்சு. பிளேனு பறக்கும். இதுக்கு மேல இத யாராவது பேசினா நானே ஒதப்பேன். இப்ப நீ அவன் கால்ல வுழு, பாட்ட முடிச்சிக்குவோம்."

எனக்குப் புரியவில்லை. சரி என்று நிரூபித்தால் விழ வேண்டியதில்லை என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். விமானம் ஒரு வழக்கு, குண்டான் இன்னொரு வழக்கு. சரி, போகட்டும், விழுகிறேன் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினேன். செருகும்போது ஒன்று கேட்கத் தோன்றியது.

"வுழறேன். அதுக்கு முன்ன அவர ஒண்ணு கேளுங்க. என்ன எதுக்கு அடிச்சாருன்னு கேளுங்க."

எதிர்த்துப் பேசினாள் என்பார், மச்சானுக்குப் பரிந்துகொண்டு பேசினாள் என்பார், சண்டை மயக்கத்தில் தெரியாமல் பட்டுவிட்டது என்பார் என்று எதிர்பார்த்தேன். இதில் எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதும். தலைவர் அவரைப் பார்த்து, "சொல்லுடா" என்றார்.

அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்தார். அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை, டாக்டரிடம் சொன்னதுதான் நான் கேட்ட ஒரே பொய்.

"அவ குண்டான வச்சி சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சி போச்சுண்ணா. அவ சொல்றதுதான் சரின்னு தெரிஞ்சிச்சு. அதான் அடிச்சேன்."

நான் சுற்றிலும் பார்த்தேன். யாராவது ஒருவர் முகம் மாறும் என்று பார்த்தேன். நாற்பது ஐம்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. தலைவர், ஆமாம், நியாயமான காரணம்தான் என்கிற மாதிரி தலையை மெல்ல ஆட்டினார். எனக்காகச் சிரித்த சித்தப்பாவும் ஆட்டினார். பறக்கும் கட்சியும் பறக்காது கட்சியும் அந்த ஒரு இடத்தில் ஒன்றாக இருந்தார்கள். பின்னால் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினேன், அவர்களும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அடிபட்டபோதுகூட அவ்வளவு அவமானமாக இல்லை.

"நான் வுழல" என்றேன்.

தலைவர் மூன்று முறை கேட்டார், அதுதான் முறை. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்று முறையும் அதையே சொன்னேன். கால்வாயின் நடு இடம் எங்கள் கண் முன்னாலேயே அடுத்த வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமல் சீட்டை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. வாசலில் கழி இன்னும் அங்கேயே கிடந்தது, அதைத் தாண்டிப் போய்ப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை, களைத்துப்போன குரலில்தான் பேசினார்.

"ஒரு நிமிஷ வேலதான. வுழுந்திருக்கலாமே. ஒம்பது வருசமா காத்துகினு இருந்த எடம்."

"நீ பொய் சொல்லியிருந்தா வுழுந்திருப்பேன்" என்றேன்.